கவுன்சல் சொன்ன கோர்ட்டு

"எவன்யா நீதிபதி கையில சுத்தியலைக் குடுத்தது?"

இயக்குநர் ஆம்ப்ரோஸ் தர்க்கெல் சுத்தியலைப் பிடுங்கி மூலையில் எறிந்தார். போன படத்திலும் இதே தப்பு. இங்கிலாந்து நீதிபதி எந்தக் காலத்தில் சுத்தியல் தட்டினார் என்று லண்டன் வக்கீல்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அவரைக் கிழித்துவிட்டார்கள். இந்தக் கொலை வழக்குப் படத்துக்கும் ஊர் சிரித்தால், இனி சோப்பு விளம்பரம்தான் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது.

சூடு கண்ட பூனை அல்லவா? நிஜக் கோர்ட்டில் வாதாடும் கவுன்சல் ஒருவரை வரவழைக்கும்படி டெலிபோன் பெண் டோரீனிடம் காலையிலேயே கத்தியிருந்தார். கத்தாமல் அவருக்குப் பேசத் தெரியாது.

வந்தவர் மிஸ்டர் பாப்ஜாய். கறுப்புக் கோட்டு, குடை, யாரையும் நம்பாத முகம்.

"எல்லாத்தையும் பாருங்க சார். நீங்க சொல்றபடி மாத்திடறேன்."

பாப்ஜாய் கைதிக் கூண்டில் ஏறிக் குடையால் தரையைத் தட்டினார். "இதுக்கு அடியில வழியே இல்லையே."

தர்க்கெலுக்குப் புல்லரித்தது. பெரிய கோர்ட்டில் கூண்டிலிருந்தே கீழே சிறைக்குப் படி இறங்கும். "கேட்டீங்களாடா, முட்டாள்களா? அறுங்க தரையை."

அறுத்தார்கள். கைதியாக நடித்தவர் உள்ளே விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார்.

பாப்ஜாய் ஜூரி பெஞ்சுக்கு நகர்ந்தார். "ஒரே பெஞ்சில பன்னண்டு பேரா? தாங்காது. எட்டுக்கு மேல கூடாது."

"ஜூரின்னா பன்னண்டு பேர்தானே சார்?"

"முப்பது வருஷமா இதைத்தான் பாத்துட்டிருக்கேன். நீங்க?"

தர்க்கெல் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார்.

"அந்த நீதிபதி ஏன் அவ்வளவு உசரத்துல உக்காந்திருக்காரு? மேல இருந்து வர்றதெல்லாம் கீழ நிக்கிறவன் தலையிலதான் விழும்."

நீதியைப் பற்றி இவ்வளவு ஆழமாக யாரும் சொல்லி தர்க்கெல் கேட்டதில்லை. மேடையை உடைத்தார்கள். நீதிபதி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வக்கீலாக நடித்த டெஸ்மண்ட் கெரூ டோப்பாவைக் கழற்றி வீசினார். "கூண்டுல ஆள் இல்ல. ஜூரியில நாலு பேரைக் காணோம். நீதிபதி என் இடுப்பு உசரத்துல இருக்காரு. நான் யாருக்காகய்யா வாதாடறது?"

"கவுன்சலே சொல்றாரு, அவரைவிட உனக்கு ரொம்பத் தெரியுமோ? எடுத்து மாட்டுடா."

கெரூ காலிக் கூண்டுக்காகத் தொண்டை கிழிய வாதாடினார். அவருக்கிருந்த ஆத்திரத்தில் நடிப்பு பிரமாதமாக வந்தது. கையிருப்பில் இருந்த கடைசி பிலிம் சுருளும் தீர்ந்தது.

"இனி எந்த வக்கீல் வாயைத் திறக்கிறான்னு பாக்கறேன்," என்று உறுமினார் தர்க்கெல்.

டோரீன் பாப்ஜாயின் கூலிச் சீட்டை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து சார். நீங்க கத்தினபடியே டவுன் கவுன்சிலுக்கு போன் போட்டேன், சாக்கடை இன்ஸ்பெக்டர் இவர் ஒருத்தர்தான் இன்னைக்குச் சும்மா இருந்தாராம்."