கேரியர் மறுப்புத் தீர்மானம்

மனித குலத்தின் முன்னேற்றத்தை எழுதுகிறவர்கள் நெருப்பு, சக்கரம் என்று ஆரம்பித்து நேராகச் சந்திரனுக்குப் போய்விடுகிறார்கள். நடுவே, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் திண்டுக்கல் பேகம்பூரில், அஸ்பாக் பாயின் சைக்கிள் கடையில் உருவான மலை சைக்கிளை ஒருவரும் குறிப்பிடுவதில்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன்.

"திண்டுக்கல் மலை மிதிவண்டி வல்லுநர் பேரவை"யில் உறுப்பினர்கள் இருவர். தலைவர் அஸ்பாக். செயலாளர் நான், பகலில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகள் ஒருநாளும் வெளியே கசிந்ததில்லை.

சைக்கிள் சாமானியமானதல்ல. முன்பக்க ஃபோர்க் லூதியானாவிலிருந்து வந்தது. இருபத்தொரு கியர். ஒரு தீபாவளி போனஸ் முன்சக்கரமானது. என் மனைவி பெருமாயியின் தோடு பின் பிரேக்கானது. பிறகு "எடைக் குறைப்பு நடவடிக்கை". மணி போனது. ஸ்டாண்டு போனது. மட்கார்டு போனது. கேரியரைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பெருமாயி அப்போது சிறுமலைச் சரிவிலிருந்து அடிவாரத்து ரோடு வரை வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தாள். தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் தார். ஒருநாள் பேரவைக்கு மனுக் கொடுத்தாள்.

"ஏய்யா, கழுத்து திரும்ப மாட்டேங்குது. அந்தச் சைக்கிள்ல ஒரு கேரியரப் போட்டா, ரெண்டு தார வச்சு உருட்டிட்டு வந்துருவேன்ல?"

அவசரக் கூட்டம் கூடியது. டீ வந்தது.

"கேரியர் எண்ணூறு கிராம்லே, கண்ணுச்சாமி!" தலைவர் முகம் வெளிறிவிட்டது. "அம்புட்டு வெயிட்ட ஏத்துனா அது மலை சைக்கிளா? பால்காரன் சைக்கிள்."

"அவளுக்குக் கழுத்து வலிக்குதாம் பாய்."

"தைலம் தடவச் சொல்லு. சைக்கிளுக்கு பேலன்ஸ் போச்சுன்னா எதத் தடவுவ?"

மறுப்புத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெள்ளோட்ட நாளில் சைக்கிளைப் பஸ் கூரையில் கட்டி மலைக்குக் கொண்டுபோனோம். ஏற்றத்தில் மிதித்தால் செயின் தேய்ந்துவிடுமே! ஒற்றையடிப் பாதையில் இறங்கத் தொடங்கியபோதுதான் பேரவை ஒரு புதிய உண்மையைக் கண்டறிந்தது: மலையில் கல் கிடக்கிறது.

"பெயிண்ட்டு உரசிரும்லே! எறங்கு, எறங்கு!" என்று தலைவர் அலறினார்.

அடுத்த தாருக்காக எதிரே ஏறி வந்த பெருமாயி சைக்கிளுக்குக் கை நீட்டினாள்.

"குடுங்க இங்குட்டு. என் தோடு அதுலதான இருக்கு. நீங்க ரெண்டு பேரும் உருட்டி ஒடச்சுப்புடுவீக."

சும்மாட்டைச் சரிசெய்து, சைக்கிளைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கிளைகள் உரசாதபடி விலக்கிவிட்டு, நாங்கள் கடமை உணர்வோடு பின்னால் வந்தோம். அடிவாரத்தில் படம் எடுத்துக்கொண்டோம். சைக்கிளின் இருபுறமும் வல்லுநர்கள். ஒரு கீறல் இல்லை.

மறுவாரம் பெருமாயியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சு. இனிமே தண்ணிக்குடம்கூடத் தூக்கக்கூடாது," என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "ஏன், தார வச்சு உருட்ட வீட்டுல ஒரு சைக்கிள்கூட இல்லையா?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். இருபத்தொரு கியரையும், எண்ணூறு கிராமையும், தீர்மானத்தையும் விளக்கினேன். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். அவர் சீட்டில் ஏதோ எழுதி என் கையில் கொடுத்தார். "உங்களுக்காகத் தமிழ்லயே எழுதியிருக்கேன்."

அரசாங்கமே வழங்கிய பாராட்டு! லேமினேஷன் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினேன். படித்தவர்கள் வந்தால் அதைப் பார்ப்பார்கள், பெருமாயியைப் பார்ப்பார்கள், பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். நான்கு மாதம் கழித்து, சுவர் முன்னால் நின்று, விரல் வைத்து, சத்தமாக எழுத்துக்கூட்டினேன். அடுப்படியிலிருந்து பெருமாயி உடம்போடு திரும்பினாள். கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது.

"நோய்க்குக் காரணம்: கணவர்."