பழைய டிஸ்க் ஓடுமா?

"என்னங்க, அதுல ஓட்டையே இல்லையே?"

த்ரிசலா கேட்ட பிறகுதான் அஜிதனுக்கு உறைத்தது. டி.வி. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நின்ற புது கேம் கன்சோலை முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், குழந்தையைக் குப்புறப் போடுவது மாதிரி கவிழ்த்தும் பார்த்தான். ஒயர் செருக இடம் இருந்தது. காற்றுப் போக இடம் இருந்தது. கையிலிருந்த பழைய கிரிக்கெட் டிஸ்க்கைச் செருகத்தான் இடமில்லை.

கடைக்குப் போன் போட்டான்.

"தம்பி, பழைய கேம் ஓடுமான்னு கேட்டதுக்கு, 'பேக்வர்ட் கம்பாட்டிபிள், சூப்பரா ஓடும்'னு சொன்னீங்களே?"

"ஓடும் சார்."

"டிஸ்க்கை எங்கய்யா போடறது?"

"ஓடுமான்னுதானே சார் கேட்டீங்க? எங்க போடறதுன்னு கேக்கலையே. இது டிஸ்க் இல்லாத மாடல். டிரைவ் தனியா வருது. வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுது."

அஜிதனுக்கு இந்தப் பதில் புதிதல்ல. வேங்கிக்காலில் அவன் வேலை பார்க்கிற அலுவலகத்தில் புது சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து பழைய ஃபைல் ஒன்றும் திறக்கவில்லை. வருகிறவர்களிடம் அவனே இதே குரலில், இதே மரியாதையோடு கையை விரித்திருக்கிறான். இன்று கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

டிஸ்க் ஓடியே ஆக வேண்டும். காரணம், மச்சினன் அர்ஹந்த். பெங்களூர்க்காரன். வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வருவான்; மாமனும் மச்சினனும் அந்த டிஸ்க்கில் ஒரு மாட்ச் ஆடுவார்கள். போன வருஷம் அஜிதன் ஜெயிக்க ஒரே ஒரு ரன் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பழைய கன்சோல் சூடேறி, பெருமூச்சு விட்டு அணைந்துவிட்டது. "மிஷின் உங்களுது, அதனால மாட்ச் எனக்கு" என்றான் அர்ஹந்த். அதோடு விட்டானா? சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "இவருதான் எங்க ஒரு ரன் மாமா" என்று அறிமுகம். போன மாதம் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன்கூட, "ஒரு ரன் சாருக்கு இன்னொரு கரண்டி" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டான், புது கன்சோல்.

வீட்டில் ஒரு சிக்கல். ஆடி மாதம் ஜைன மடத்துக்குப் போன த்ரிசலா, அங்கே தங்கியிருந்த துறவி மாதாஜி முன்னால் ஒரு விரதம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பொருள் ஆசையைக் குறைக்க வேண்டும். வீட்டுக்குள் புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். புதுக் குடை வந்தது, பழைய குடை போனது. குக்கர் வந்தது, குக்கர் போனது. தீபாவளி ஆஃபரை நீட்டித்த கடையில் கன்சோல் வாங்கி வந்த அஜிதன், யாரும் சொல்லாமலே பழையதைத் தூக்கிப் பக்கத்து வீட்டுச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டான்.

இப்போது டிரைவும் வந்தது.

"த்ரிசலா, இதுக்கு எதைக் குடுக்கலாம்?"

"உங்க இஷ்டம். நான் எதுவும் சொல்லலைப்பா" என்று அவள் முருங்கைக்கீரையை ஆய்ந்தாள்.

பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான். ஹாலில் பாதியை அடைத்திருந்த கம்ப்யூட்டர் மேஜை பழைய சாமான்காரன் வண்டியில் ஏறியது.

டிரைவை மாட்டி, டிஸ்க்கைப் போட்டான். உள்ளே சுற்றியது. திரையில் எழுத்து வந்தது: இந்த டிஸ்க்கை இதில் பயன்படுத்த இயலாது.

"சார், பழைய கேம் ஓடும்னா, இதுக்கு முந்தின மாடலோட கேம்" என்றான் கடைக்காரன். "உங்களுது அதுக்கும் முந்தினது. அப்பன் பேச்சைக் கேக்கும் சார், தாத்தா பேச்சைக் கேக்காது."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க தாத்தா வெச்சிருக்கீங்கன்னு சொல்லலையே சார்!"

கடைசியில் புது கிரிக்கெட் கேமையே இன்டர்நெட்டில் வாங்கி இறக்கினான். உடனே மனசாட்சி உறுத்தியது. இறக்கின கேம் பொருளா, இல்லையா? கையில் பிடிக்க முடியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கர்மமும் அப்படித்தானே? கண்ணுக்குத் தெரியாத துகள், ஆனாலும் உயிரில் ஒட்டிக்கொண்டு கனக்கிறதென்று சின்ன வயதிலிருந்தே படித்தவன் அவன்.

"கண்ணுக்குத் தெரியாததும் கணக்குல சேரும் இல்ல?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் த்ரிசலா, தலை நிமிராமல்.

துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிள் கிளம்பிப் போனது.

அன்று அர்ஹந்த் போனில் வந்தான். "புது கேமா? செல்லாது மாமா. பழைய டிஸ்க், பழைய கிரவுண்டு. இல்லைன்னா 'ஒரு ரன் மாமா' பேரு உங்களுக்கு ஆயுசுக்கும் நிலைச்சிரும்!"

வேறு வழியில்லை. பழைய கன்சோலையே திருப்பிக் கேட்கச் சரோஜா வீட்டுக்கு ஓடினான்.

"அய்யோ, அதை என் தம்பிக்குக் குடுத்துட்டேனே! கீழ்பென்னாத்தூர்ல கடலை மண்டி வெச்சிருக்கான் இல்ல, அப்பாதுரை? அவன் கிட்ட இருக்குது."

தீபக் கூட்டத்தில் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிப் போய்ச் சேர்ந்தான். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே கன்சோல் ஜம்மென்று வீற்றிருந்தது. எதிரே ஒரு டேபிள் ஃபேன் அதற்கென்றே சுற்றியது. மூட்டைமேல் உட்கார்ந்தவர்கள் சினிமா டிஸ்க் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறீங்களே சார், நல்லாவா இருக்குது?" என்றார் அப்பாதுரை. "இது வந்தப்புறம் ஜனம் ஜாஸ்தி. எடை போட லேட்டானாலும் ஒருத்தனும் கோவிச்சுக்க மாட்டேங்கறான்."

"மானப் பிரச்சினைங்க. பதிலுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க."

அப்பாதுரை தாடையைச் சொறிந்தார். "உங்க ஹால்ல ஒரு பழைய சோபா செட்டு இருக்குதாமே, அக்கா சொல்லிச்சு. இவனுங்க மூட்டை மேல உக்காந்து கடலையை நசுக்குறானுங்க."

ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. விரதத்துக்கு எவ்வளவு பொருத்தம்! அஜிதனுக்குச் சிலிர்த்தது. அவருடைய வேனிலேயே வந்து சோபாவை ஏற்றிவிட்டான். த்ரிசலா தடுக்கவில்லை, மூலையிலிருந்த குஷனையும் தேடி எடுத்து வந்து கொடுத்தாள்.

கன்சோல் சூடாகாமலிருக்க டேபிள் ஃபேன் ஒன்று வாங்கினான். டி.வி. ஸ்டாண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை அர்ஹந்த் உள்ளே நுழைந்ததும் திரும்ப வாசலுக்குப் போய்க் கதவு எண்ணைப் பார்த்தான்.

"என்ன மாமா, திருடன் புகுந்துட்டானா?"

"பேசாம உக்காருடா."

"எது மேல?"

தரையில் டி.வி. தரையில் கன்சோல். தரையில் மாமனும் மச்சினனும். "பொழுது சாயறதுக்குள்ள முடிங்க, சாப்பாடு ரெடி" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் சாப்பாடு கிடையாது.

ஃபேன் சுற்றியது. டிஸ்க் ஓடியது. அர்ஹந்த் வாய் ஓயாமல் வம்பிழுத்தான். கடைசிப் பந்து. ஜெயிக்க ஒரே ஒரு ரன்.

"கை நடுங்குது போல, ஒரு ரன் மாமா?"

"போடுடா."

போட்டான். அஜிதன் பட்டனை அழுத்திய அழுத்தில் பந்து பறந்துபோய்க் கூட்டத்துக்குள் விழுந்தது. சிக்ஸர்! அஜிதன் எழுந்து நின்று, காலியான ஹால் எதிரொலிக்கக் கத்தினான். "யாருடா ஒரு ரன் மாமா? சொல்லுடா இப்போ! வீட்டுல ஒரு சாமான் மிச்சமில்லை, மானம் முழுசா இருக்குதுடா!"

வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. தலையில் துண்டு கட்டிய ஆள் எட்டிப் பார்த்தார்.

"சார், புது சோபா செட்டு, டி.வி. யூனிட்டு. எங்க இறக்கறது?"

"வீடு மாறி வந்துட்டீங்க" என்றான் அஜிதன். "இங்க ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும். என்னைத் தவிர வெளிய அனுப்ப இங்க எதுவும் பாக்கி இல்லை. என் சம்சாரம் விரதம்யா!"

"அது தீபாவளியோட முடிஞ்சு போச்சே சார், அப்படிச் சொல்லித்தானே அம்மா புக் பண்ணாங்க! பழைய சாமானை எடுக்க ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டேன். 'வேணாங்க, எங்க வீட்டுக்காரரு புதுசா ஒரு மிஷின் வாங்கியிருக்காரு, பழைய டிஸ்க் ஓடுற வரைக்கும் ஒவ்வொண்ணா அவரே அனுப்பிடுவாரு'ன்னாங்க."