ஒரு பூவுக்கு நாலு பேர்

மொட்டு தெரிந்த அன்று மதார் சாகிபுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தியாக இருந்தது. இன்னும் விரியாத அந்தப் பூவுக்கு அவர் ஏற்கெனவே நாலு பேர் வைத்திருந்தார். நாலும் உயிரோடு நடமாடுகிற ஆட்களின் பேர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒருவர் சங்கதி மற்றவருக்குத் தெரியாது.

தேரடி வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். ஐரிஸ் என்றால் இருபத்தெட்டு வருஷமாக அவருக்குத் தெரிந்தது கண்பாவையைச் சுற்றியிருக்கும் வளையம் மட்டும்தான். குளிர்காலத்தில் ஆசிரமத்துக்கு வந்து தங்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள், உடைந்த ஃப்ரேமைச் சரிபண்ணி வாங்கிக்கொண்டு, கைபேசியில் தன் வீட்டுத் தோட்டத்தைக் காட்டினாள். அந்தப் பூவுக்கும் ஐரிஸ் என்றுதான் பேராம். சாயங்காலம்தான் விரியுமாம். மெல்லிய ஊதாவில், கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல நின்றது. மதார் சாகிப் அதற்குள் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் மூன்று பேர் பவர் சரியில்லை என்று கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த வருஷம் அந்த அம்மாள் ஒரு கவரில் விதை கொண்டுவந்து கொடுத்தாள். கீழ்பென்னாத்தூரில் மதார் சாகிபுடைய அக்கா வீட்டுத் தோட்டத்தில் கவனிப்பாரில்லாமல் கிடந்த ஆரஞ்சுப் புள்ளிப் பூவின் படத்தைப் பார்த்துவிட்டு, அதுவும் ஐரிஸ் ஜாதிதான் என்றாள். இரண்டையும் சேர்த்து விதை எடுத்தால் இதுவரை யாரும் பார்க்காத நிறம் வரலாம், அதை உண்டாக்கியவரே பேர் வைக்கலாம் என்றும் சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே அவர் மனைவி முன்னி பேகத்திடம், பூத்தால் அதற்கு உன் பேர்தான் என்று சொன்னார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. அப்போதும் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல பூக்கட்டும்" என்றாள்.

முதல் கஷ்டம் அங்கேயே தொடங்கியது. விதையை ஈர மணலில் கலந்து எட்டு வாரம் குளிரில் வைக்க வேண்டுமாம். வேங்கிக்கால் வீட்டில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார். மருந்துக் கடை பரசுராமனிடம் இன்வெர்ட்டர் போட்ட ஃப்ரிட்ஜ் இருக்கிறது, ஆனால் அவர் சிடுசிடு ஆசாமி, ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். முன்னி பேகம் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனார். பரசுராமன் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். மதார் சாகிபுக்கு வாய் குழறியது. விதை, மணல், குளிர் எல்லாவற்றையும் சொல்லியும் எதிராளி அசையாததால், கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"பூவுக்கு உங்க பேரையே வெச்சிடறேன் சார்."

பரசுராமன் உதட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. பிறகு டப்பாவை வாங்கி இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்தார். மனுஷர் இவ்வளவு நெகிழ்வார் என்று மதார் சாகிப் எதிர்பார்க்கவில்லை.

விதை முளைத்தது. மொட்டைமாடியில் பதினாறு தொட்டி ஆயிற்று. அக்கா வீட்டு ஆரஞ்சும் வந்து சேர்ந்தது. அதிகாலையில் அவர் தொட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே மலை மேகத்துக்குள் போய்விட்டுத் திரும்பி வரும். இலை ஒன்று விரற்கடை வளர்ந்திருக்கும். எது முதலில் நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் இராமலிங்கம், மாடியில் ஈரம் இறங்குகிறது, தொட்டியை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த ராத்திரி மதார் சாகிபுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. காலையில் கீழே போய் நின்றார். போனமுறை பலித்த மருந்து கையில் இருக்கிறதே.

"உங்க பேர்ல உலகத்துல ஒரு பூ இருக்கும் சார்."

இராமலிங்கம் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். அப்புறம், "சரி பாய், தொட்டிக்கு அடியில தட்டு வெச்சிக்கங்க" என்றார்.

மூன்றாவது சிக்கலைப் பூக்களே செய்தன. ஆரஞ்சு காலையில் விரிந்து இருட்டுவதற்குள் சுருண்டுவிடும். ஊதா நாலு மணிக்குத்தான் கண் திறக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது அந்த இடைப்பட்ட கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் அவர் மாடியில் இருந்தாக வேண்டும். கடையில் கூட்டம் வருவதும் அந்த நேரம்தான். இதையும் வீட்டில் புலம்பித் தீர்த்துவிட்டு, பக்கத்துக் கடை ஜெராக்ஸ் சக்கரவர்த்தியிடம் போனார். தினமும் ஒரு மணி நேரம் கடையைப் பார்த்துக்கொண்டால் பூவுக்குச் சக்கரவர்த்தி என்றே பேர் வைப்பதாகச் சொன்னார். ராஜா மாதிரி பேர் என்றும் சேர்த்துக்கொண்டார். சக்கரவர்த்தி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

ஃப்ரேமுக்குத் திருகு மாட்டும் சின்ன இடுக்கியால் ஊதாவின் மகரந்தத்தை எடுத்து ஆரஞ்சின் சூல்முடியில் தடவும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு வாரம் அப்படிச் செய்ததில் ஒரே ஒரு காய் பிடித்தது. அதில் தேறிய விதை பதினொன்று. நட்டதில் ஒன்றே ஒன்று வளர்ந்து இப்போது மொட்டு விட்டிருக்கிறது.

நாலு பேரையும் ஒன்றாக ஒட்டிப் பார்க்கலாமா என்று பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். முன்னி பரசு ராமச் சக்கரம் என்று வந்தது. பூவின் பேராக இல்லை, தீபாவளிப் பட்டாசின் பேராக இருந்தது. கிழித்துப் போட்டார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. மூன்று பேரையும் வேறு வேறு நேரத்துக்கு அழைப்பது. வந்தவரிடம் அவர் பேரைச் சொல்லிப் பூவைக் காட்டி, டீ கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரை வரவேற்பது. முன்னி பேகத்திடம் எல்லோரும் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம். மொட்டு பருத்து மறுநாள் விரிந்துவிடும் போலத் தெரிந்ததும், இராமலிங்கத்துக்கு எட்டு மணி, பரசுராமனுக்குப் பத்து, சக்கரவர்த்திக்குப் பன்னிரண்டு என்று சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு இராமலிங்கம் மாடியேறி வந்தார். பூ விரியவில்லை. தாயைப் போலக் காலையில் விரியுமா, தகப்பனைப் போலச் சாயங்காலம் விரியுமா என்பதை மதார் சாகிப் யோசிக்கவே இல்லை. வந்தவர் பார்க்காமல் போவதாக இல்லை. பத்து மணிக்குப் பரசுராமன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டுக்குச் சக்கரவர்த்தி முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னி பேகம் நாலு தடவை டீ கொண்டுவந்தாள். மதார் சாகிபின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டரை மணிக்கு மொட்டு நுனியில் முறுக்குத் தளர்ந்தது. காலையும் இல்லை, சாயங்காலமும் இல்லை. அதற்கென்று ஒரு நேரம் வைத்திருந்தது. இதழ் ஒவ்வொன்றாக, தூக்கத்தில் கை நீட்டுவது போல விலகியது. ஓரத்தில் ஊதா, நடுவே மாதுளை, உள்ளே தேன் நிறப் புள்ளிகள். மேகத்தின் நிழல் மலையிலிருந்து இறங்கி மாடியைத் தாண்டிப் போயிற்று. அந்தக் கொஞ்ச நேரம் மதார் சாகிபுக்குப் பயம் கூட மறந்துவிட்டது.

முன்னி பேகம் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை அவர் பார்த்துவிட்டார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. மூன்று பேர் முன்னாலும் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க. உங்க மூணு பேருக்கும் ஒரே வாக்கைக் குடுத்துட்டேன். ஆனா முதல்ல சொன்னது அவகிட்டதான். இந்தப் பூவுக்கு அவ பேருதான். வேற பேரு வைக்க எனக்கு மனசு வரல."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொல்வது என்று கேட்பது போல இருந்தது. பரசுராமன்தான் தொண்டையைச் செருமினார்.

"உங்க வீட்டம்மா ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு முன்னாடியே வந்து கேட்டு, எங்கள சம்மதிக்க வெச்சிட்டுத்தான் போனாங்க பாய், அவரு வந்து பூவுக்கு உங்க பேரை வெக்கிறேம்பாரு, சிரிக்காம சரின்னு சொல்லிடுங்கன்னாங்க."