சோலைக் கமிட்டியின் ஏழாவது விதி

ஒரு காட்டை அழித்த பாவம் என் தலையில் இருக்கிறது. இத்தனைக்கும் நான் கோடாலியைக் கையால் தொட்டவன் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தொரு விதிகள் எழுதினேன், அவ்வளவுதான். மரம் வெட்ட வந்தவனுக்கு அவனுடைய சொந்தத் தாய்மாமன்கூட அப்படி ஓர் உபகாரம் செய்திருக்க மாட்டான்.

நடந்தது எழுபதுகளின் நடுவில். தேவிகுளத்துக்கும் சாந்தன்பாறைக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசையை அங்கே அப்படித்தான் சொல்வோம்) மேலே, மலை மடிப்பில் கொஞ்சம் சோலைக்காடு மிச்சமிருந்தது. அதன் அடியில் ஓர் ஊற்று. அந்தத் தண்ணீர்தான் குழாய் வழியாக லயத்துக்கு வரும். சோலை போனால் தண்ணீர் போகும் என்பது மூக்கொழுகும் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சோலையை ஒரு மர வியாபாரி குத்தகைக்கு எடுத்துவிட்டான் என்று ஒருநாள் செய்தி வந்தது.

வெட்ட ஆள் வந்த அன்றைக்குச் செல்லத்தாய் அத்தை கொழுந்துக் கூடையோடு இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் ஆட்கள் கோடாலியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அப்போது எங்களிடம் ஒரு விதிகூடக் கிடையாது. அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனித்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?

எனக்கு வயது இருபத்துமூன்று. லயத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள். தொழிற்சாலை ஆபீசில் கிளார்க். சட்டைப் பையில் இரண்டு பேனா (ஒன்றில் மை கிடையாது, அது அழகுக்கு). ஊரே சேர்ந்து 'சோலைக் கமிட்டி' ஆரம்பித்தபோது, தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும் முத்தையா அண்ணன் தலைவர், செல்லத்தாய் அத்தை துணைத் தலைவி, நான் செயலாளர். மூவரும் மனு எழுதிக்கொண்டு தேவிகுளம் போனோம்.

அங்கிருந்த மலையாள அதிகாரி நல்ல மனிதர். மனுவைப் படித்துவிட்டு, "கமிட்டின்னு பறஞ்சா போதுமோ? நியமாவலி வேண்டே?" என்றார். அமைப்புக்கான விதிகளைக் கேட்கிறார். இரண்டு வாரம் கழித்து விசாரணை. அன்றைக்கு நியமாவலியோடும் முத்திரையோடும் தலைவரின் ஒப்போடும் ஆட்சேபம் வந்தால், வெட்டுவதை நிறுத்தி உத்தரவு போடுகிறேன் என்றார். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, சில விதிகள். சோலை பிழைக்க அவ்வளவுதான் தேவைப்பட்டது.

"பத்து வரி எழுதுனா போதும்லா தம்பி?" என்று முத்தையா அண்ணன் பஸ்ஸில் கேட்டார். பத்து வரியா! பி.ஏ. படித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் விதிப் புத்தகம் எப்படியோ கைக்குக் கிடைத்தது. அதிலிருந்து மாட்டையெல்லாம் எடுத்துவிட்டு மரத்தை வைத்தேன். (பதினெட்டாம் விதியில் ஒரு மாடு தப்பிவிட்டது. 'மரம் கன்று ஈன்றால் ஏழு நாளைக்குள் தெரிவிக்க வேண்டும்' என்று கடைசிவரை இருந்தது.) நாற்பது விதிகள் இரவல். ஏழாவது மட்டும் என் சொந்தப் படைப்பு. இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்:

'சோலையிலிருந்து ஒரு குச்சியேனும் எடுத்தவரோ, அவ்வாறு எடுத்த விறகில் சமைத்ததை உண்டவரோ, கமிட்டியில் எப்பொறுப்பும் வகிக்கத் தகுதியற்றவர். இதனை அம்மன் முன் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தல் வேண்டும்.'

இதை எழுதும்போது குளிர் தாங்காமல் அடுப்போரம்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா விறகைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தாள். அது எந்தக் காட்டு விறகு என்று இந்த மேதைக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கம்பெனி கொடுக்கும் விறகு பாதி மாதத்துக்குத் தாங்காது, மீதிக்கு எல்லா வீட்டுப் பெண்களும் சோலையில் காய்ந்த குச்சி பொறுக்குவார்கள். எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் உத்தமமான வாக்கியம் ஒன்று பேனாவில் வந்து நிற்கும்போது அடுப்பு யார் கண்ணுக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். நாற்பத்தொன்றையும் வாசித்தேன். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் படித்த பிள்ளை என்ற மரியாதைக்குக் கை தூக்கினார்கள். செல்லத்தாய் அத்தை மட்டும் நடுவில் எழுந்தாள்.

"ஏ தம்பி, வெட்ட வந்தவனோட சொந்தக்காரன் யாரும் இதுல வரக்கூடாதுன்னு ஒண்ணு எழுதிக்கோயேன்."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். கீழே கடைவீதியில் மண்ணெண்ணெய் விற்கும் பரமசிவத்தின் மச்சான்தான் அந்த மர வியாபாரி.

"தனிமனித உறவுகளை அமைப்புக்குள் கலக்கக்கூடாது அத்தை" என்றேன். (அப்படியே, எழுத்துத் தமிழில். அன்றைக்கே யாராவது என் முதுகில் ஒன்று வைத்திருக்கலாம்.)

விதிகள் நிறைவேறின. தட்டில் கற்பூரம் ஏற்றினேன். முத்தையா அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். தீபத்துக்கு மேலே கையைக் கொண்டுபோனவர், அப்படியே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, போன மாசம் மகளுக்குப் பேறுகாலம். வெந்நி போட ரெண்டு கட்டு எடுத்தேன். ஆத்தா முன்னால பொய் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

வேறு எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பார்கள். நான் கற்பூரத்தை வைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் மஸ்டர் (வருகைப் பதிவு) போடும் துரையிடம் பொய் சொல்வார்கள், கடன்காரனிடம் சொல்வார்கள், கற்பூரத்திடம் சொல்ல மாட்டார்கள்.

செல்லத்தாய் அத்தை தட்டுப் பக்கமே வரவில்லை. "நான் தெனமும் எடுக்கேன். பொறுக்காம ஒங்க விதியவா அடுப்புல வைக்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே விலகிக்கொண்டாள். அதன்பிறகு வரிசையாக உறுப்பினர்கள். ஒருவர் வந்தார், தீயைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஒதுங்கினார். அடுத்தவர். அதற்கடுத்தவர். எனக்கு வியர்த்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது. சரி, ஒருவனாவது உத்தமன் இருக்கிறானே என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நானே கையை நீட்டினேன்.

கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பதறிப்போன குரல்.

"ஏலே, வேண்டாம்லே! காலைல நீ தின்ன கப்பைய எதுல அவிச்சேன்னு நெனச்ச?"

(கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு. மூன்று துண்டு தின்றிருந்தேன், மிளகாய்ச் சட்னியோடு.)

லயமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. பொய்ச் சத்தியத்துக்குப் பிள்ளையின் கண் போய்விடும் என்று நிஜமாகவே பயந்திருந்தாள்.

அப்போதும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. "அந்த ஏழ அடிச்சிரு தம்பி, சோலி முடிஞ்சுது" என்றார் முத்தையா அண்ணன். நான் நோட்டைப் பிரித்து மூன்றாவது விதியைக் காட்டினேன். நிறைவேறிய விதியை ஓராண்டுக்கு மாற்றக்கூடாது.

"எழுதுனவன் நீதானல? பேனா ஒங்கிட்டதான இருக்கு?" செல்லத்தாய் அத்தை கிட்டே வந்து, என் கையைப் பிடித்துக் கேட்டாள். "தண்ணி போயிரும்டா."

"எழுதியவனே மீறினால் அமைப்பு எதற்கு அத்தை?" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அந்த நேரத்தில்தான் பரமசிவம் எழுந்து வந்தார். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கற்பூரத்தை ஓங்கி அடித்து அணைத்தார். "என் வீட்டுல ஸ்டவ்வுதான். ஒரு குச்சி எடுத்ததுமில்ல, அதுல பொங்கித் தின்னதுமில்ல. ஆத்தா சாட்சி." அத்தனையும் சத்தியம். லயத்திலும் கடைவீதியிலும் சேர்த்து மண்ணெண்ணெயில் சமைத்த ஒரே குடும்பம் அவருடையது.

முப்பதாவது விதி: தகுதியுள்ளவர் ஒருவரே இருப்பின் எல்லாப் பொறுப்புகளையும் அவரே வகிப்பார். பால் சங்கத்துக்காரர்கள் எந்தக் காலத்திலோ எதற்கோ எழுதி வைத்தது. நோட்டையும் முத்திரையையும் இந்தக் கையால்தான் அவரிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது வாழ்த்தும் சொன்னேன். அதற்கும் ஒரு விதி இருந்தது.

விசாரணை அன்று நாங்களும் தேவிகுளம் போனோம். 'கமிட்டிக்கு ஆட்சேபம் ஏதுமில்லை' என்று பரமசிவம் எழுதிக் கொடுத்தார். கீழே ஒப்பு, பக்கத்தில் பளிச்சென்று முத்திரை. நான் முன்னால் பாய்ந்து, "சார், இது எங்கள் முடிவு இல்லை" என்றேன்.

"நிங்கள் கமிட்டியில் ஆரு?" என்று அதிகாரி கேட்டார்.

பரமசிவம் அமைதியாக நோட்டைப் பிரித்து முப்பத்தாறாம் விதியில் விரல் வைத்தார். தகுதியிழந்தவர் கமிட்டியின் பெயரால் பேசக்கூடாது. அதிகாரி படித்தார். பிறகு பொறுமையாக முழு நோட்டையும் புரட்டினார். (கன்று ஈனும் மரத்திடம் மட்டும் ஒரு நிமிடம் நின்றார்.) அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மனதாரச் சொன்னார்: "இத்ர விருத்தியாயிட்டு ஒரு நியமாவலி ஞான் கண்டிட்டில்ல." (இவ்வளவு சுத்தமாக எழுதிய விதிகளை அவர் பார்த்ததே இல்லையாம்.)

என் எழுத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அந்த மாதமே சோலையை வெட்டினார்கள். இந்த முறை செல்லத்தாய் அத்தை உட்காரப் போனபோது, கமிட்டியே சம்மதித்த காகிதத்தைக் காட்டி விலக்கிவிட்டார்கள். பெரிய மரமெல்லாம் லாரியில் போனது, கிளைகள் கிடந்தன. அந்த வருஷம் எங்கள் லயத்தில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீருக்குத்தான். மாசி பிறக்கும்போது குழாய் சொட்டியது, பங்குனியில் அதுவும் நின்றது. பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கினார்கள். காலையில் கொழுந்து எடுக்கப் போவதற்கு முன்னால் இரண்டு நடை, வந்தபிறகு இரண்டு நடை. செங்குத்தான பாதை. நானும் குடம் எடுத்தேன். செல்லத்தாய் அத்தை எதிரே வந்தால் வழிவிட்டு நிற்பாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காலம் போய்விட்டது. லயத்தை விட்டு வந்து, கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், காஸ் அடுப்பு எல்லாம் ஆயிற்று. வீட்டில் நான் எதற்காவது சட்டம் பேச ஆரம்பித்தால் போதும், டி.வி. எப்போது அணைப்பது என்பதாகக்கூட இருக்கலாம், என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "கற்பூரம் எடுத்துட்டு வரவா?" பூஜையில் தட்டு என் பக்கம் திரும்பினால் பேரன் கேட்பான், "தாத்தா, கப்பை எதுல வெந்துச்சு?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அம்மா மட்டும் கடைசிவரை அந்தக் கதைக்குச் சிரித்ததே இல்லை. எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின், குடம் தூக்கித் தூக்கித் தேய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"அன்னைக்கு நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லே" என்பாள்.