கால்வாய் வேண்டாம் என்பதற்குச் சில காரணங்கள்

“கால்வாயில கொசு கடிக்கும்” என்றாள் அவள். சொல்லி வாயை மூடுவதற்குள்ளேயே தப்பான காரணத்தைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்துவிட்டது. கணவரின் முகம் அவ்வளவு பிரகாசமாகியிருந்தது.

“கொசுதானே? அதை என்கிட்ட விடு.”

அடுத்த வாரம் இரண்டு பேரும் பாய்மரப் படகில் மகள் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. பஸ்ஸில் அரை நாள். படகில் இரண்டு நாள். கரையை ஒட்டியே போகலாம். ஆனால் வழி இரண்டு. ஒன்று, கடற்கரைக்குப் பின்பக்கமாகக் கூடவே ஓடும் கால்வாய். அலை கிடையாது, ஆட்டம் கிடையாது, கையை நீட்டினால் கரை. இன்னொன்று, திறந்த கடல்.

“கால்வாய்தான். படகுக்கும் சொல்லிட்டேன். கடலெல்லாம் உனக்குத் தாங்காது” என்று அவர் எடுத்த எடுப்பிலேயே தீர்த்துவிட்டார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். உலகத்தில் எதுவெல்லாம் உடையும், எரியும், மூழ்கும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் கால்வாயைச் சொன்னதில் ஆச்சரியமில்லை. அந்த ‘உனக்கு’தான் அவளுக்கு உறுத்தியது.

உறுத்தினாலும் மறுக்க முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிறவள் அவள். கார் கொஞ்சம் வேகமெடுத்தால் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துகிறவள். பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்தைக் குடும்பம் எப்போதோ கொடுத்துவிட்டது. சில வேலைகளிலிருந்து தப்பிக்க வசதியாக இருந்ததால் அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது போய், எனக்குக் கடல் வேண்டும் என்றால்? “நீயா?” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் கடலைவிடப் பயமாக இருந்தது.

ஆனால் கடல்தான் வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?” என்று நாள் முழுவதும் கேட்பாள். பலர் தெரிவதைச் சொல்வதில்லை. அவள் எதை எதிர்பார்க்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். கடையின் ஜன்னலில், எதிரே இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, கட்டைவிரல் அகலத்துக்குக் கடல் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் மாலை கணவர் வந்து பின்னால் வெகுநேரம் நின்றிருக்கிறார். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஆகவே சிரிப்புக்கு இடம் கொடுக்காமல், கால்வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதன் முதல் படிதான் கொசு.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடத்தைக் காணோம். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை கொசுவலை. அதற்குள்ளே, தொட்டியில் விட்ட மீன் மாதிரி, கணவர்.

“வா, உள்ள வா. படகு முழுக்க மூடுற சைஸ். தலைக்குத் தனியா ஒண்ணு இருக்கு, தொப்பி மாதிரி. போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தாள். விலைச்சீட்டு மூக்குக்கு நேரே தொங்கி ஆடியது.

“இதைப் பிச்சுடலாமே.”

“இருக்கட்டும் இருக்கட்டும், இப்ப என்ன அவசரம்?” என்றார் அவர்.

அன்றிரவு சாப்பிடும்போது அவள் இரண்டாவது காரணத்தை எடுத்தாள். “என்னங்க, கால்வாயில தூக்குப்பாலம் நிறைய இருக்காமே. ஒவ்வொண்ணும் திறக்கிற வரைக்கும் வெயில்ல நிக்கணுமாம். கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னார்.”

“அப்படியா சொன்னார்?”

“நொந்துபோய்ச் சொன்னார்.”

அப்படி ஒருவர் கடைக்கு வரவே இல்லை. இல்லாத மனிதரை நோக வைத்ததற்காக அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் வெற்றியோடு வந்தார். “பாலத்துக்காரரை நேர்ல பார்த்துப் பேசிட்டேன். தங்கமான மனுஷன். நம்ம படகு தூரத்துல தெரிஞ்சாலே திறந்துடுவாராம். மத்த பாலத்துக்காரங்களுக்கும் சொல்லிடுறேன்னார். நாம போறப்ப எல்லாரும் மேல நின்னு கை காட்டுவாங்களாம்!”

“கை காட்டுவாங்களா?”

“நீயும் பதிலுக்குக் கை காட்டணும். மரியாதை.”

வழிநெடுகப் பாலங்கள், ஒவ்வொன்றின் மேலும் கையாட்டும் தங்கமான மனிதர்கள், கீழே தலையில் கொசுவலையோடு தான். இந்தக் காட்சி அவளைத் தூங்கவிடவில்லை.

புரண்டு படுத்தபோது ஒரு கேள்வி வந்தது. இவர் எதைச் சொன்னாலும் எனக்கு ஏன் உடனே அதில் குற்றம் தெரிகிறது? கல்யாணமான நாளிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த எதற்கும் அவள் முதல் பேச்சிலேயே சரி என்றதில்லை. ஜன்னல் திரை, பல் டாக்டர், மகள் படித்த கல்லூரி, எல்லாமே அவள் மாற்றியவைதான். பிடிவாதம் இல்லை, இது தொழில் கோளாறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு லென்ஸைக் காட்டினால் அடுத்ததைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா?

கடைசி ஆயுதம் பாக்கி இருந்தது. காலையில் அதை வீசினாள்.

“கால்வாய் ரொம்பப் போரடிக்கும்ங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கரை. பேச்சுத்துணைகூடக் கிடையாது.”

“நான் இருக்கேனே.”

“நீங்க பேசுவீங்களா?”

அவர் யோசித்தார்.

“அதுவும் சரிதான். பேச ஆள் வேணும்” என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

பேச ஆள் சாயங்காலமே வந்து இறங்கியது, இரண்டு பெட்டிகளோடு. கணவரின் அக்கா.

“தம்பி கூப்பிட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல” என்றபடி உட்கார்ந்தாள் நாத்தனார். “கடலா இருந்தா நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன். கால்வாய்னு சொன்னான் பாரு, உடனே கிளம்பிட்டேன். ஏம்மா, என் பித்தப்பை ஆபரேஷன் கதையை உன்கிட்ட முழுசாச் சொல்லியிருக்கேனா?”

“சொல்லியிருக்கீங்க அக்கா.”

“அது சுருக்கமா. எப்பவும் யாராவது நடுவுல எழுந்து போயிடுறாங்க. படகுன்னா யாரும் எங்கயும் போக முடியாதுல்ல?” நாத்தனார் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். “வலி ஆரம்பிச்சது ஒரு செவ்வாய்க்கிழமை. இல்ல, திங்களா? இரு, அன்னிக்கு நான் என்ன சமைச்சேன்னு யோசிச்சாத் தெரிஞ்சுடும்.”

இரவுச் சாப்பாடு முடியும்போது ஆபரேஷன் இன்னும் ஆரம்பிக்கவில்லை. டாக்டரைப் பற்றி அக்கம்பக்கத்தில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்ற இடத்தில் நின்றிருந்தது. கணவர் தட்டைப் பார்த்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கதையில் அவள் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான், எதற்காக எழுந்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

“நான் கடல்ல போறேன்.”

நாத்தனார்கூடக் கதையை நிறுத்திவிட்டாள்.

“கொசு இல்ல, பாலம் இல்ல, அதெல்லாம் சும்மா சொன்னேன். எனக்குக் கடல்ல போகணும். ஆரம்பத்துலேர்ந்தே அதான். நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன்.”

அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“பயமா இல்லையா உனக்கு?”

“இருக்கு. பயத்தோடயே போறேன்.”

சரியான லென்ஸ் விழுந்ததும் சிலருடைய முகத்தில் ஒரு மாற்றம் வரும். அப்படி ஒன்று அவர் முகத்தில் வந்ததுபோல இருந்தது. மறுகணமே பெருமூச்சு விட்டு, காப்பீட்டு அலுவலக முகமாகிவிட்டார்.

“என்னமோ போ. உன் இஷ்டம். இந்தக் கடைசி நேரத்துல கடல் படகு கிடைக்குதோ என்னவோ. போய்க் கெஞ்சிப் பார்க்கிறேன்.”

நாத்தனார் மறுநாளே பெட்டிகளோடு கிளம்பினாள். விலைச்சீட்டோடு கொசுவலைகள் கடைக்குத் திரும்பின. கடல் படகும் எப்படியோ கிடைத்துவிட்டது. “ரொம்பச் சிரமப்பட்டுத்தான்” என்றார் கணவர். அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. பாவம், தன்னால் எத்தனை அலைச்சல் இந்த மனுஷனுக்கு. அன்று அவர் எடுத்துத் தந்த புடவையை, ஜன்மத்தில் முதல் தடவையாக, ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிக்கொண்டாள்.

படகுத்துறையில் பாய்மரம் வெயிலில் மினுங்கியது. அதற்கு அப்பால் கடல், கட்டைவிரல் அகலமில்லை, கண் கொள்ளாத அகலம். அவளுக்குப் பயத்தோடு சந்தோஷமும் வந்தது. கணவர் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் ஏறினார். படகை ஓட்டுகிற அம்மாள், மிதவைச் சட்டை ஒன்றை அவளுக்கு மாட்டிவிட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது.

“மன்னிச்சுக்கோங்கம்மா” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “கால்வாய்ப் படகு கேட்டுட்டு, கடைசி நேரத்துல கடல்னு மாத்தி உங்களைப் படுத்திட்டோம். எல்லாம் என்னாலதான்.”

படகுக்கார அம்மாள் கயிற்றை அவிழ்த்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்தக் கால்வாய்ப் படகு? சார் போன மாசமே வந்து, உங்க அளவு சட்டையோட இந்தப் படகைத்தான் பிடிச்சு வெச்சுட்டுப் போனாரு. ‘வீட்ல கால்வாய்னுதான் சொல்லப் போறேன், கொசு கடிக்கும்பா, வலை வாங்கிக் காட்டினதுமே கடலுக்கு மாறிடுவா, அதுக்கும் மசியலைன்னா எங்க அக்காவைக் கூப்பிடுறேன்’னாரே!”