பேர் வைக்காத ரோபோ

“ஏய், அது எதுக்குடி கையைத் தூக்குது?”

அக்கா கேட்டதும் சின்னவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். போட்டிக்கு முந்தைய பயிற்சி மேடையில் நின்ற ரோபோ, எதிரே கிடந்த மரக்கட்டைகளை ஏறிட்டும் பார்க்காமல் ஒரு சுற்று சுற்றியது. பிறகு மறுபடியும், போலீஸிடம் சரணடைகிறவனைப் போல இரும்புக் கையை உயரத் தூக்கியது.

“நீ என்னதான் எழுதினே?”

“கட்டையை எடுத்து அலமாரியில அடுக்கச் சொல்லித்தான்கா எழுதினேன்.”

“அதான் என்னை ஆளை விடுங்கன்னு கையைத் தூக்கிடுச்சு” என்றான் ஸ்க்ரூ. ரோபோவின் நட்டு, போல்ட்டு எல்லாம் அவன் பொறுப்பு. கல்லூரியில் அவனுடைய நிஜப் பெயர் பலருக்கு மறந்தே போயிருந்தது.

‘தங்கச்சின்னு டீம்ல சேர்த்துக்கிட்டியா?’ என்று அக்காவை முகத்துக்கு நேரே கேட்டவன் இவன்தான். ‘அவ ப்ரோகிராம் ஓடலைன்னா நானும் கேப்டன் பதவியை விட்டுட்டுப் போறேன்’ என்று அக்கா சபதம் போட்டிருந்தாள். அந்தச் சபதம், காலையில் பஸ்ஸில் வரும்போதுதான் சின்னவளின் காதுக்கு எட்டியது.

ஸ்க்ரூவும் அக்காவும் ஒத்துப்போன சரித்திரமே கிடையாது. ரோபோவுக்குப் பேர் வைப்பதில் மூண்ட சண்டையில், கடைசியில் பேரே வைக்காமல் விட்டுவிட்டார்கள். கம்பெனிக்காரன் எல்லா ரோபோவுக்கும் வைத்து அனுப்பும் ‘ரோபோ ஒன்று’ என்பதுதான் லேப்டாப்பில் வரும். அதைத் தட்டினால், வயர் எதுவும் இல்லாமலே ப்ரோகிராம் போய்ச் சேர்ந்துவிடும்.

சின்னவள் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து எழுதி, மறுபடி தட்டினாள். ‘போய்ச் சேர்ந்தது’ என்றது லேப்டாப்.

ரோபோ இப்போது பம்பரமாகச் சுற்றியது.

நடுவே தொங்கிய துணித் திரைக்கு அந்தப் பக்கம், அடுத்த டீமின் மேஜையிலிருந்து “ஐயோ!” என்று ஒரு கூச்சல் கேட்டது.

“அவங்களுக்கு என்ன ஆச்சோ” என்று முணுமுணுத்தாள் அக்கா. “கேமராவைப் பாருடி. கட்டை அதுக்குக் கண்ணுல படலையோ என்னவோ.”

சின்னவள் கேமராவுக்கான வரிகளைத் திருத்தினாள். தட்டினாள். ரோபோ சற்று நேரம் சும்மா நின்றது. பிறகு சரேலென்று திரும்பி, நேராக அவளை நோக்கி வந்தது. கையை உயர்த்தி, இரும்பு விரல்களைக் ‘கிளிக், கிளிக்’ என்று மூடித் திறந்தது.

“அக்கா... அது என்னையே பாக்குது.”

“உளறாதே. டேய், நீ எதுக்கு நாற்காலி மேல ஏறினே?”

“மேல... லைட்டு சரியா எரியுதான்னு பாக்கறேன்” என்றான் ஸ்க்ரூ. அவன் குரல் கீச்சென்று வந்தது.

அக்கா துணிந்து போய் பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். சின்னவள் முழு ப்ரோகிராமையும் புதிதாக எழுதி அனுப்பினாள். ரோபோ கையைத் தூக்கிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. ஒலிபெருக்கி அவர்கள் டீமை அழைத்தபோதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

போட்டி மேடையில் நடந்ததைச் சின்னவள் விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தாள். ரோபோ நடுவில் போய் நின்றது, சுற்றியது, கையைத் தூக்கியது. தூக்கிய வேகத்தில், குனிந்து பார்த்த நடுவரின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

“டான்ஸ் போட்டி இங்க இல்லம்மா” என்றார் அவர், தரையைத் தடவிக்கொண்டே.

ஒரு கட்டைகூட அலமாரி ஏறவில்லை.

அடுத்து வந்தது திரைக்கு அந்தப் பக்கத்து டீம். எல்லாம் முதல் வருஷத்துப் பிள்ளைகள். அவர்களுடைய ரோபோ பதமாகப் போய் ஒவ்வொரு கட்டையாக எடுத்து, வீடு ஒழுங்குபடுத்தும் மாமியாரைப் போல வரிசை பிசகாமல் அடுக்கியது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அக்கா சட்டையில் குத்தியிருந்த கேப்டன் பேட்ஜைக் கழற்றினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு.

“அக்கா, வேணாம்கா. நான் விலகிடறேன். எனக்கு ப்ரோகிராம் எழுத வரலைக்கா.”

“அழாதே. வா, வீட்டுக்குப் போலாம்.”

அப்போது திரை விலகியது. முதல் வருஷ டீமின் கேப்டன், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண், பரிசுக் கோப்பையை ஒரு கையில் பிடித்து, மறு கையால் தன் ரோபோவை எட்டத் தள்ளிப் பிடித்தபடி நின்றாள்.

“ஜெயிச்சாச்சுல்ல? இன்னும் என்ன, வெறுப்பேத்த வந்தியா?” என்றான் ஸ்க்ரூ.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. அவள் சின்னவளின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, கிசுகிசுத்தாள்.

“அக்கா, எங்களுக்குத் தெரிஞ்சதே நகரவும் சுத்தவும் கையைத் தூக்கி விரலை ஆட்டவும்தான், இதுக்கு அதை மட்டும்தான் எழுதி அனுப்பினோம், இது என்னடான்னா தானாவே கட்டையெல்லாம் அடுக்குது... பேய் கீய் புடிச்சிருக்குமாக்கா? பாவம், இன்னும் இதுக்கு நாங்க ஒரு பேருகூட வைக்கலக்கா!”