நோய் போதவில்லையாம்

காங்கேயம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி கதிர்வேலுக்கு, அக்கா நாச்சியம்மாள் எழுதுவது. பெங்களூரில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். உன் மச்சான் சுகமா இல்லையா என்பதைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இன்னும் முடிவு செய்யவில்லை.

பெருங்குடல் புண்ணுக்குப் புது மருந்து சோதிக்கிறார்கள், மச்சானைச் சேர்த்துவிடு என்று நீ சொன்னாய் அல்லவா? அதில் சேர்வதற்கு நோய் இருந்தால் மட்டும் போதாது, அவர்கள் கேட்கிற அளவுக்கு இருக்க வேண்டுமாம். முதல் நாள் பல்லடத்தில் ஒரு தடவை, சூலூரில் ஒரு தடவை இவர் பஸ்ஸை விட்டு இறங்கிக் கக்கூஸுக்கு ஓடி, அப்புறம்தான் போய்ச் சேர்ந்தோம். அங்கே பேர் எழுதுகிற மோகனப்பிரியா என்ற பெண், "அய்யா, ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க போறீங்க?" என்று கேட்டது. இவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பரவால்லீங் அம்மணி, ரெண்டு மூணு தடவைதானுங்க" என்றார். இரண்டு வாரம் போனில் குறித்து அனுப்பச் சொன்னதிலும் அப்படியே குறித்திருக்கிறார். நோயின் தீவிரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஏனுங்க, பன்னண்டு தடவ போயிப்போட்டு மூணுன்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம புள்ள வயசுப் பொண்ணுகிட்ட ரத்தம் போகுதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

ஆகவே மறுபடி பேர் கொடுத்தபோது நான் குறித்தேன். ஒன்றுவிடாமல் குறித்தேன். அவர் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே போனை எடுப்பேன். எண்ணிக்கை சரியாக வந்தது என்று பார்த்தால், ரத்தப் பரிசோதனையில் டி.பி. கிருமி உள்ளே தூங்குகிறதாம், அதற்கு ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்ததை இப்போதா கண்டுபிடிக்க வேண்டும்? மாத்திரையும் ஆயிற்று. பிறகு குழாய் விட்டுக் குடலைப் படம் எடுத்தார்கள். "புண்ணு நல்லாவே இருக்குதுங்கம்மா" என்று நம் டாக்டர் சொன்னதும், எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் அந்தப் படத்தை வெளிநாட்டில் ஒருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டுமாம். அவர் பார்த்துவிட்டு, இது போதாது என்று சொல்லிவிட்டார். மூன்றாமவர் ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாராம். பதினொரு கிலோ இளைத்து, எண்ணெய் மில்லில் அரை மணி நேரம் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற மனிதரை இவர்கள் யாராவது நேரில் பார்த்தார்களா?

நேற்று அவர், "போதும் நாச்சி. குடலை எடுத்துப்போட்டு, வெளிக்குப் போறதுக்கு வயித்துல பை கட்டிக்கறேன். என்னால இனி ஒருத்தர்கிட்டயும் போய் நிக்க முடியாது" என்றார். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் கண் கலங்கினார். அதனால் ஆபரேஷனுக்கே நாள் கேட்டுவிட்டோம். இனிமேல் சோதனை மருந்து என்கிற பேச்சை நீ எடுக்காதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அலுப்புத்தான்.

சாமி புண்ணியத்தில் உன் வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டி, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா
நாச்சியம்மாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மோகனப்பிரியா போன் செய்தது. "அம்மா, மூணாவது டாக்டரு புண்ணு மோசம்னே சொல்லிட்டாருங்க! அய்யா தேறிட்டாருங்க!" என்றது. திங்கட்கிழமை முதல் ஊசி. சோதனை என்பதால் சிலருக்கு வெறும் தண்ணீர்தான் போடுவார்களாம்; இவருக்குப் போடுவது மருந்தா, தண்ணீரா என்று போடுகிற டாக்டருக்கே தெரியாதாம். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் அடுக்களையில் நின்று அழுது முடித்தோம். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மேலே எழுதியதை மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடு சாமி.